ஒற்றைப் பெட்டிக்குத் திசை தெரியாது

கடற்கரை முகாம், டிக்லிபூர்
வட அந்தமான்
12 ஜனவரி 2025

அன்புள்ள ஸ்ரீ,

நான் சௌக்கியம். நீ, அப்பா, குழந்தை காமு மூன்று பேரும் சௌக்கியமாக இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டுதான் பேனாவை எடுக்கிறேன். வேறு மாதிரி நினைத்தால் எழுத்து வராது. வந்து எட்டு நாளாகி இப்போதுதான் எழுதுகிறேன், கோபிக்காதே.

முகாமில் சிக்னல் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை டவுனுக்குப் போனால் கிடைக்கும். ஆனாலும் இனிமேல் கூப்பிடப் போவதில்லை. போர்ட் பிளேரிலிருந்து பேசிய அன்று காமு போனைத் திருப்பித் திருப்பிப் பின்பக்கம் தேடினாள், அன்றைக்கு முழுக்கப் பால் குடிக்கவில்லை என்று மறுநாள் நீ சாதாரணமாகத்தான் சொன்னாய். எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. கடிதம் வந்தால் அவளுக்குத் தெரியாது. அதனால் கடிதம்.

பயிற்சிக்கு நாங்கள் பன்னிரண்டு பேர். ஸப்டக்ஷன் ஸோன், ஸப்டக்ஷன் ஸோன் என்று கல்யாணமான நாளிலிருந்து உன் காதைக் கடித்தேனே, பூமித் தட்டு ஒன்று இன்னொன்றுக்கு அடியில் இறங்குகிற இடம், அதன் மேலேயே பாய் விரித்துப் படுத்திருக்கிறேன். என் கூடாரத்தில் பாலக்காட்டு லமியா இருக்கிறாள். நம் மாதிரியே மலையாளம் கலந்த தமிழ். கடல் வற்றுகிற நேரம் பார்த்துப் பவளப்பாறைகளை அளக்கிறோம். 2004-இல் நிலம் மேலே எழும்பியபோது தண்ணீரை விட்டு வெளியே வந்து செத்தவை அவை. நிலம் எவ்வளவு எழும்பியது என்று அவற்றின் தலையை அளந்தால் தெரியும்.

ஏப்ரல் பத்து வரைக்கும் நான் இங்கே இருந்தாக வேண்டும். நடுவில் விட்டால் பி.எச்டி ஆய்வு இடம் இல்லை என்று பயிற்சி நடத்துகிற சுதீர் சார் முதல் நாளே சொல்லிவிட்டார்.

மாடிப்படிக்குக் கீழே, நடு அறையில் வைத்த பெட்டியை யாரும் நகர்த்த வேண்டாம். பயிற்சிக்கு வந்த எங்கள் எல்லார் வீட்டிலும் ஒன்று இருக்கிறது, தரை அதிர்வதையெல்லாம் எழுதும். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை உள்ளேயிருக்கும் மெமரி கார்டை எடுத்துக் கடிதத்தோடு அனுப்பு. புதுக் கார்டைப் போடு. அவ்வளவுதான் உன் வேலை.

இன்னொன்று. நான் கிளம்புகிற அன்று அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் இல்லாதபோது முதல் அடி வைத்துவிடுவாளோ என்று மட்டும்தான் பயம். பல் முளைத்ததை நான்தான் பார்த்தேன், குப்புற விழுந்ததை நான்தான் பார்த்தேன். இதை விட்டுவிடுவேனோ. எதுவானாலும் மறைக்காமல் எழுது.

அவள் உள்ளங்காலில் என் பங்குக்கு ஒரு முத்தம்.

ஸாதனா


மட்டாஞ்சேரி
கொச்சி
24 ஜனவரி 2025

ஸாதனா,

இங்கே எல்லாரும் நன்றாக இருக்கிறோம். அங்கே கொசு எப்படி? என் தமிழ் எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே, பத்தாம் கிளாஸுக்குப் பிறகு இப்போதுதான் ஒரு முழுப் பக்கம் எழுதுகிறேன். மலையாளத்தில் எழுதினால் நீ இன்னும் சிரிப்பாய்.

முதல் கார்டு இதோடு இருக்கிறது. போன திங்கட்கிழமை நம் தெருவில் கேபிள் தோண்டினார்கள், நாள் பூரா கரண்ட் இல்லை. பெட்டி நின்றுவிட்டது. அப்பா அந்தக் கார்டை எடுத்து வைத்துவிட்டு, புதுசு போட்டு, நீ எழுதி வைத்த தாளைப் பார்த்து ஓட்டிவிட்டார். போர்ட்டில் முப்பத்தைந்து வருஷம் மெஷின் பார்த்த மனுஷன், என்னைக் கிட்டவே விடவில்லை.

காமு சப்பாத்தி தின்கிறாள். பக்கத்து வீட்டு லதீஃபா இத்தா பகலில் வந்து பார்த்துக்கொள்கிறார். நான் ஐலண்ட் ஆபீஸிலிருந்து ஆறரைக்கெல்லாம் பாலம் கடந்துவிடுகிறேன். கப்பல் வந்த நாளில் மட்டும் லேட் ஆகிறது.

அவள் இன்னும் கம்பியைப் பிடித்துத்தான் நிற்கிறாள். நீ நிம்மதியாகப் பவளத்தை அள.

உன் ஸ்ரீநாத்


முகாம்
8 பிப்ரவரி 2025

அன்புள்ள ஸ்ரீ,

உடம்பு நன்றாக இருக்கிறது, வெயிலில் முகம் மட்டும் கப்பைக்கிழங்கு சுட்ட மாதிரி ஆகிவிட்டது. உங்கள் மூன்று பேர் சௌக்கியத்தையும் இந்தத் தடவை நான் கேட்க வேண்டியதில்லை, பார்த்துவிட்டேன்.

கார்டை லாப்டாப்பில் போட்டதும் வீடு அப்படியே வந்தது. காலை ஆறுக்கு அப்பா போடுகிற கிரைண்டர். எட்டு பத்துக்கு நீ மாடியிலிருந்து தடதடவென்று இறங்குகிறாய், பதினேழு படி, கடைசி இரண்டைத் தாண்டிக் குதிக்கிறாய். குதிக்காதே என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன். லமியா பக்கத்தில் உட்கார்ந்து, 'இது உங்க சேட்டனா? ஆனைக்குட்டி மாதிரியில்லே இருக்கு' என்றாள்.

பெட்டியின் கடிகாரம் உலகம் முழுக்கப் பொதுவான கிரீனிச் மணியில் ஓடும். நிலநடுக்கம் பார்க்கிற எங்கள் ஆட்கள் எல்லாரும் அப்படித்தான் வைப்பார்கள். இங்கே உட்கார்ந்து ஐந்தரை மணி நேரம் கூட்டினால் நம்மூர் மணி வரும். கூட்டிக் கூட்டி உங்களோடு ஒரு நாள் முழுக்க இருந்தேன். ராத்திரி ஒன்பதுக்கு மேல் கோடு நேராகிவிட்டது. தூங்கிவிட்டீர்கள். அந்த நேர்க்கோட்டையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காமு எட்டு கிலோ சில்லறை, அவள் தவழ்வது பெட்டிக்குக் கேட்காது. அது ஒன்றுதான் குறை.

ஒன்று கேட்டால் சிரிப்பாய். அவள் என்னைத் தேடுகிறாளா? தேடுகிறாள் என்றாலும் தாங்காது, இல்லை என்றாலும் தாங்காது. பதில் எழுதாவிட்டாலும் பரவாயில்லை.

ஸாதனா


மட்டாஞ்சேரி
10 பிப்ரவரி 2025

ஸாதனா,

சுகம்தானே? இங்கே சுகம். உன் கடிதம் இன்னும் வரவில்லை, காத்திருந்தால் கார்டு தாமதமாகும் என்று இதை அனுப்புகிறேன். இரண்டாவது கார்டு. நேற்று ஞாயிறு, பிராட்வே கடைத்தெரு வரைக்கும் போய்வந்தேன். சும்மா ஒரு சாமான் வாங்க வேண்டியிருந்தது.

காமு பழையபடிதான். கம்பி, ஜன்னல், அப்பா மூக்குக்கண்ணாடி.

வேறென்ன. சாப்பிடு.

ஸ்ரீநாத்


முகாம்
22 பிப்ரவரி 2025

ஸ்ரீ,

நான் நன்றாக இருக்கிறேன் என்று எழுத வேண்டும், அதனால் எழுதுகிறேன். அங்கே யாருக்கு என்ன?

இரண்டாவது கார்டை மூன்று தடவை பார்த்துவிட்டேன். ஜனவரி இருபத்தைந்திலிருந்து தினமும் ராத்திரி இரண்டு மணிக்கு யாரோ நடக்கிறார்கள். பெட்டியைக் கடந்து மெதுவாகப் போகிறார்கள். ஐந்து நிமிஷம், சில நாள் பத்து நிமிஷம் சத்தமில்லை. திரும்பி வருகிறார்கள். ஒரு நாள் கூடத் தப்பவில்லை. அது உன் கால், எனக்குத் தெரியும். ஆனால் நீ இப்படி நடக்கிறவனில்லை. இது எதையோ தோளில் போட்டுக்கொண்டு நடக்கிற நடை.

அவளுக்குக் காய்ச்சலா? ராத்திரியில் எழுந்து அழுகிறாளா? வெந்நீர் வைக்கத்தான் போகிறாயா? முதல் கார்டில் இப்படி ஒன்றும் இல்லை. நான் வந்து மூன்று வாரம் அவள் பொறுத்துப் பார்த்திருக்கிறாள், அதற்கு மேல் முடியவில்லை. அப்படித்தானே?

உன் கடிதம் ஏழு வரி. பயந்தால் நீ இப்படித்தான் எழுதுவாய். மறைக்காமல் எழுது என்று முதல் கடிதத்திலேயே சொன்னேன்.

ஸாதனா


மட்டாஞ்சேரி
3 மார்ச் 2025

சௌபாக்யவதி மாட்டுப்பெண் ஸாதனாவுக்கு அப்பா வாஞ்சிநாதன் அநேக ஆசீர்வாதம். இவ்விடம் க்ஷேமம். அவ்விடத்து க்ஷேமத்துக்குக் குறைவு வராமல் பகவான் பாத்துக்கட்டும்.

உன் லெட்டர் வந்தது. ஸ்ரீநாத் படிச்சுட்டு முகத்தைத் தொங்கப் போட்டுண்டு ஆபீஸுக்குப் போயிட்டான். பதில் நான் எழுதறேன். ராத்திரி ரெண்டு மணிக்கு இந்த வீட்டிலே யாரும் நடக்கறதில்லே, குழந்தே. எனக்கு வயசு அறுபத்தேழு, ரெண்டு மணிக்கு ஒரு தடவை எழுந்திருக்கத்தான் செய்யறேன். ஆனா என் ரூமிலேயே பாத்ரூம் இருக்கு. உன் பெட்டி வரைக்கும் நான் வரலை. பெட்டி பொய் சொல்றதா நான் சொல்லமாட்டேன், மெஷினுக்குப் பொய் தெரியாது. எலியா இருக்குமோ? பக்கத்து கோடவுணில் சுக்கு மூட்டை வந்து இறங்கியிருக்கு.

காமாக்ஷிக்கு ஜுரமில்லே, சளியில்லே. பேதி ஒரு நாள் இருந்தது, அதுவும் லதீஃபா கொடுத்த பழம். அலமாரியில் கீழ்த்தட்டு சாமானெல்லாம் மேலே ஏத்தியாச்சு. காஸ் அடுப்புக்கிட்டே போகாம சமையல் ரூம் வாசல்லே ஒரு பலகை அடிச்சாச்சு. ஆகையால் நீ ஒண்ணுக்கும் விசாரப்பட வேண்டாம்.

மூணாவது கார்டு உள்ளே. மார்ச் ஒண்ணு வரைக்கும் இருக்கு.

இப்படிக்கு ஆசீர்வாதத்துடன்
வாஞ்சிநாதன்


முகாம்
12 மார்ச் 2025

ஸ்ரீ,

அப்பா கடிதம் கிடைத்தது. அவருக்கு என் நமஸ்காரம். எலி என்று எழுதியிருக்கிறார். எழுபத்தைந்து கிலோ எலியை நான் பார்த்ததில்லை.

மூன்றாவது கார்டிலும் அதே இரண்டு மணி. அதே நடை. அலமாரியைக் காலி பண்ணியிருக்கிறீர்கள், சமையலறைக்குப் பலகை அடித்திருக்கிறீர்கள். கைக்கெட்டியதையெல்லாம் இழுத்து எறிந்து அழுகிறாளோ? இரண்டு பேரும் சேர்ந்து ஏதோ ஒன்றைச் சொல்லாமல் இருக்கிறீர்கள், அது மட்டும் எனக்குத் தெரிகிறது.

சுதீர் சாரிடம் சொல்லிவிட்டேன். பத்தொன்பதாம் தேதி கப்பலில் கிளம்புகிறேன். யோசித்துச் சொல்லுங்கள் என்றார். யோசித்தாயிற்று என்றேன். ஆய்வு இடத்தைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இந்தக் கடிதமும் நானும் சேர்ந்தே வந்தாலும் வருவோம்.

ஸாதனா


முகாம்
16 மார்ச் 2025

அன்புள்ள ஸ்ரீ,

போன கடிதத்தைக் கிழித்துவிட முடியாது, தபாலில் போய்விட்டது. இது பின்னாலேயே ஓடிவந்து சேரட்டும். நான் கப்பல் ஏறப் போவதில்லை. முதலில் அப்பாவிடம் இதைக் கேள்: பெட்டியைத் திரும்ப ஓட்டியபோது கடிகாரத்தை யார் வைத்தது, எந்த மணி பார்த்து வைத்தது?

நடந்ததைச் சொல்கிறேன். பிப்ரவரி 26 காலை பத்து நாற்பதுக்கு இந்தத் தீவுக்குத் தெற்கே கடலுக்கடியில் ஒரு நடுக்கம் வந்தது. முகாமில் பாத்திரங்கள் ஆடின, யாருக்கும் ஒன்றுமில்லை, அதனால் உனக்கு எழுதவில்லை. நேற்று சுதீர் சார் அவரவர் வீட்டுக் கார்டில் அந்த நடுக்கத்தைக் கண்டுபிடிக்கச் சொன்னார். நான் கிளம்புகிறவள்தானே, எனக்கெதற்கு என்று உட்கார்ந்திருந்தேன். லமியாதான் என் கார்டைப் பிடுங்கிப் போட்டாள். அவள் வீட்டுக் கார்டில், பாலக்காட்டில், பத்து நாற்பத்துநாலு. கரெக்ட், கடலைத் தாண்டி வர நாலு நிமிஷம் ஆகும். மட்டாஞ்சேரியில் மாலை நாலு பதினாலு.

பாலக்காட்டுக்கும் கொச்சிக்கும் நடுவில் ஒரு நடுக்கம் ஐந்தரை மணி நேரம் சாயா குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்காது. சுதீர் சார் கோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். 'ஸாதனா, நீங்க கூட்டினதுக்கு முன்னாடியே வீட்டிலே யாரோ கூட்டியாச்சு.' அவ்வளவுதான் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்தது.

இரண்டு மணி இல்லை, அந்த ஐந்தரையைக் கழித்தால் எட்டரை. சாப்பிட்டுவிட்டு எட்டரை மணிக்கு வீட்டில் யார் வேண்டுமானாலும் நடக்கலாம். பஜார் ரோட்டு லாரிகளின் அதிர்வு எத்தனை மணிக்கு நிற்கிறது என்று ஒரு தடவை பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும். முதல் வகுப்பில் சொல்லிக்கொடுத்தது அது. நான் அந்த அரைமணி நேரத்தைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை.

உங்கள் இரண்டு பேரையும் பொய்யர்களாக்கினேன். மன்னித்துவிடு. அப்பாவைத் திட்டாதே. சுதீர் சார் என் பெயரை அடித்திருந்தார், அதன் மேலேயே மறுபடி எழுதிவிட்டார்.

ஸாதனா


மட்டாஞ்சேரி
25 மார்ச் 2025

ஸாதனா,

இரண்டு கடிதமும் ஒரே நாளில் வந்தது. நல்லவேளை, தேதி பார்த்துப் பின்னதை முதலில் பிரித்தேன். எல்லாரும் சுகம், இந்தத் தடவை நம்பு.

அப்பாதான். பெட்டிக் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது, இத்தனை படித்த பெண் இப்படித் தப்பாக வைத்திருக்கிறாளே, சொன்னால் வருத்தப்படுவாள் என்று யாரிடமும் சொல்லாமல் ரேடியோ கேட்டு நிமிஷம் பிசகாமல் திருத்தியிருக்கிறார். உன் தாளில் கடைசி வரியில் கடிகாரத்தைத் தொடாதே என்று இருக்கிறது. அதையும் படித்திருக்கிறார். தப்பான கடிகாரத்தைத் தொடக்கூடாது என்று எந்த போர்ட்டில் சட்டம் என்று கேட்கிறார். ஆனால் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. நீ ஒரு வரி அவருக்குத் தனியாக எழுது.

ஒன்று கேட்கணும். அந்த எட்டரை மணி நடையில் வேறு என்ன தெரியும்? அந்தப் பெட்டிக்கு எவ்வளவு சின்னது வரைக்கும் கேட்கும்? சும்மாதான் கேட்கிறேன்.

கடைசிக் கார்டு உள்ளே இருக்கிறது.

ஸ்ரீநாத்


முகாம்
3 ஏப்ரல் 2025

அன்புள்ள ஸ்ரீ,

சௌக்கியம், சௌக்கியம். அப்பாவுக்குத் தனிக் காகிதம் வைத்திருக்கிறேன், பிரிக்காமல் கொடு.

கடைசிக் கார்டையும் பார்த்தேன். அதில் தெரிவது உன் கால் மட்டும்தான். சாப்பிட்டது செரிக்க நடக்கிறாய் போலிருக்கிறது, நல்லதுதான், தொந்தி குறையும். சின்னது எதுவும் அந்தப் பெட்டிக்குக் கேட்காது. மலிவான பெட்டி.

பதின்மூன்றாம் தேதி மத்தியானம் வீடு வந்துவிடுவேன். விஷுவுக்கு முந்தின நாள். கணிக்கொன்றைப்பூ விலை ஏறுவதற்கு முன்னால் வாங்கி வை. காமு நடக்கவில்லையே என்று கவலைப்படாதே. நான் வந்த பிறகு நடக்கட்டும் என்று காத்திருக்கிறாளோ என்னவோ.

உள்ளங்காலில் முத்தம், இரண்டிலும்.

ஸாதனா


மட்டாஞ்சேரி
20 ஏப்ரல் 2025

அன்புள்ள லமியா,

நீயும் உம்மாவும் நலமா? போன் இருக்க ஏன் கடிதம் என்பாய். இந்த வீட்டில் போனில் பேசினால் மாமனாருக்குக் கேட்கும். தவிரவும், பழகிவிட்டது. ஒரு வாரம் லேட், வழக்கம்போல.

கார்டில் அந்த அதிர்வுக் கோட்டை முதலில் பார்த்தவள் நீதான். ஆனைக்குட்டி கால் ஒன்று, அதற்குள் இரண்டு சின்னக் குத்து, மறுபடி ஆனைக்குட்டி, மறுபடி இரண்டு. 'சேச்சி, இது ரெண்டு பேராக்கும்' என்று நீ சொன்னதும் நான் முதல் நாள் வரைக்கும் பின்னால் தேடிப் போனேன். ஜனவரி இருபத்தைந்து, எட்டு இருபத்தெட்டு. ஏழு அடி. எட்டாவதில் விழுந்திருக்கிறாள். என் பெண் முதல் நாள் நடந்ததை வினாடி வரைக்கும் நான் சொல்வேன், எந்த அம்மா சொல்வாள்? ஆனாலும் நான் பார்க்கவில்லை.

முதல் அடியைப் பார்க்காமல் போவேனோ என்று நான் எழுதியதால்தான் மறைத்தார்கள். நான் பார்க்காததை நடக்கவே இல்லை என்று ஆக்கிவிட இரண்டு ஆண்பிள்ளைகள் பாடுபட்டிருக்கிறார்கள். பக்கத்து வீட்டு லதீஃபா இத்தாவிடமும் சத்தியம் வாங்கியிருக்கிறார்கள். நானும் தெரியாதவள் மாதிரியே வந்தேன். வந்ததும் என்னைப் பார்த்துக் காமு ஸ்ரீநாத் கழுத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அதை நான் எதிர்பார்த்திருந்தேன். எதிர்பார்த்தால் வலிக்காது என்று யார் சொன்னது.

சாயங்காலம் நாடகம் போட்டார்கள். அவளைச் சுவரோரம் நிறுத்திவிட்டு ஸ்ரீநாத் இரண்டடி தள்ளி மண்டியிட்டான். மாமனார், இன்னிக்கு என்னமோ குழந்தை புதுசா பண்ணப் போறா போலிருக்கே என்று உரக்கச் சொன்னார். அவள் ஒரு தடவை மூன்று பேரையும் பார்த்தாள். பிறகு சமையலறைக்கு ஓடி, பலகையைத் தாண்ட முடியாமல் திரும்பி, நடு அறையை ஒரு சுற்று சுற்றி, பிராட்வேயில் வாங்கி எங்கேயோ ஒளித்து வைத்திருந்த சிவப்புச் செருப்பைத் தேடி எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். முதல் அடியே ஓட்டமாக இருக்கிறதே என்றேன் நான். மாமனார், நம்மாத்துக் குழந்தையாக்கும் என்று சொல்லிவிட்டு வேகமாக உள்ளே போய்விட்டார்.

உனக்கு எழுத வந்தது அதுவல்ல. சுதீர் சார் சொல்வாரே, ஒற்றைப் பெட்டிக்குத் திசை தெரியாது, மூன்று வேண்டும் என்று. அந்த நடை பெட்டியைக் கடந்து போகிறது, நிற்கிறது, திரும்புகிறது. எங்கே போகிறது என்று நீயும் நானும் பேசியதே இல்லை.

அன்று எட்டரைக்கு நான் நடு அறையில் உட்கார்ந்திருக்கிறேன். காமு எழுந்து ஸ்ரீநாத்தின் விரலைப் பிடித்து இழுத்தாள். அவன் முகம் மாறிவிட்டது. இன்னிக்கு வேண்டாம் வாவே, வேண்டாம் கண்ணா என்று மெதுவாகச் சொன்னான். அவள் விடவில்லை. என் முழங்காலைத் தாண்டி, பெட்டியைத் தாண்டி, தெருவாசலுக்குக் கூட்டிப் போனாள். கதவைத் திறந்தான். இரண்டு பேரும் படியில் நின்றார்கள். அவள் தெருமுனையைப் பார்த்து, 'ம்மா' என்றாள். கூப்பிடுகிற மாதிரி இல்லை. தினமும் சொல்லிப் பழகிய வார்த்தை மாதிரி. நடக்க ஆரம்பித்த நாளிலிருந்து தினமும் அங்கே போய் நின்று, அம்மா இந்த வழியாக வருவாள் என்று காட்டியிருக்கிறான்.

நான் உள்ளே உட்கார்ந்திருக்கிறேன், லமியா. என் குழந்தை வெளியே எனக்காகக் காத்துக்கொண்டு நிற்கிறாள்.

கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால் உள்ளேயிருக்கிற புது ஆள் கூப்பிடுவதாகத்தான் அவளுக்கு இருக்கும். நான் எழுந்து பலகையைத் தாண்டிச் சமையலறைப் பின்கதவு வழியாக வெளியே போனேன். செருப்பில்லை. லதீஃபா இத்தா வீட்டுச் சந்தில் புகுந்து, சுக்கு கோடவுணைச் சுற்றிக்கொண்டு தெருமுனைக்கு வந்தேன். இத்தா ஜன்னலில் இருந்து, எங்கே ஓடறே மோளே என்றார்.

தெருமுனையிலிருந்து எங்கள் வாசல் முப்பதடி இருக்கும். நடந்து வந்தேன். ஸ்ரீநாத் என்னைப் பார்த்தான், பார்த்து, காமுவின் விரலை விட்டுவிட்டான். அவள் படியில் உட்கார்ந்து, பின்பக்கமாகச் சறுக்கி இறங்கி, தெருவில் எழுந்து நின்று, கையிரண்டையும் விரித்துக்கொண்டு வந்தாள். ஒன்பது அடி. எதுவும் எழுதி வைத்துக்கொள்ளவில்லை, என்றாலும் ஒன்பது.

இறுதி அறிக்கையை இன்னும் ஆரம்பிக்கவில்லை. சுதீர் சார் கேட்டால் அடுத்த வாரம் என்று சொல். ஆய்வு இடம் ஜூலையில் என்று மின்னஞ்சல் வந்திருக்கிறது, ஹைதராபாத். மூன்று பேரும் போகிறோம், மாமனாரும் வருகிறார். கடிகாரம் எதுவும் அவர் கையில் கொடுப்பதாக இல்லை.

உம்மாவிடம் என் ஸலாம் சொல்லு. இங்கே வந்தால் முன்வாசல் வழியாக வா.

உன் ஸாதனா